வண்டியைச் சுற்றிப் பார்க்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் ஃபோர் வீல் டிரைவ் பார்க்கக் கிளம்பும்போது என் கையில் நாலு சாமான் இருக்கும்: பழைய பாய் ஒன்று, டார்ச், சின்னச் சுத்தியல், கந்தல் துணி. பாயை விரித்ததும் விற்பவர் முகத்தைக் கவனிப்பேன். "அடியில என்னங்க இருக்கு, மேல பாருங்க" என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் படுத்திருப்பேன்.

இந்தப் புத்தி முதல் வண்டி வாங்கியபோது இல்லை. கூரையில் விளக்குப் பட்டை, முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கம்பிவட உருளை), நாலு அங்குலம் தூக்கிய சஸ்பென்ஷன், பல் பல்லாகச் சேற்று டயர். பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டேன். மூன்றாவது வாரம் முன் டிஃபரன்ஷியலின் (இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரப் பெட்டி) ஆயிலை இறக்கினால் பால் கலந்ததுபோல் வெளுத்து வழிந்தது. உள்ளே தண்ணீர். ஓடிச் சூடான ஆக்ஸில் (அந்தப் பெட்டியும் சக்கர அச்சும் சேர்ந்த பகுதி) குளிர்ந்த ஆற்றில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று போய் வர அதில் வைத்த மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங், பற்சக்கரம் எல்லாம் துருவேறிப் போயிருந்தன. விளக்குப் பட்டை மட்டும் நன்றாக எரிந்தது.

அதனால் முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். நான் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போக வர ஓட்டுகிறேன். மண்ணில் இறங்குவது மாதத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக அமைத்த வண்டியில் மற்ற நாளெல்லாம் உட்கார்ந்து வர வேண்டும். சேற்று டயர் தார் ரோட்டில் இரையும், ஈரத்தில் பிரேக் பிடித்தால் நிற்கத் தூரம் கேட்கும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். இன்னொன்றும் உண்டு: கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டுக் கணக்கைத் திருத்தாமல் விட்டால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும். மீட்டரில் உள்ளதைவிட வண்டி அதிகம் ஓடியிருக்கும்.

அடுத்தது எந்த வகை ஃபோர் வீல் என்பது. சுசுகி ஜிம்னி போன்றவை பார்ட் டைம்: சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், லீவரைப் போட்டால் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அப்படிப் பூட்டி வளைத்தால் வண்டி முரண்டு பிடிக்கும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். நடுவில் அந்த வித்தியாசத்தை விழுங்க எதுவும் இல்லை. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும், வேண்டுமானால் பூட்டிக்கொள்ளலாம். தினமும் மழை ரோட்டில் போகிறவருக்கு இந்த வகை நிம்மதி. கிராஸ்ஓவர்களில் வரும் ஆல் வீல் டிரைவ் ஈர ரோட்டுக்கும் மண் பாதைக்கும் போதும். ஆனால் பெரும்பாலானவற்றில் லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர், கிடையாது.

லோ ரேஞ்ச் ஏறுவதற்குத்தான் என்று நினைப்பார்கள். எனக்கு அது இறங்குவதற்கு. செங்குத்துச் சரிவில் ஃபோர் லோ (நாலு சக்கரமும் லோ ரேஞ்சில்), முதல் கியர் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கில் கால் வைக்க வேண்டியதில்லை. ஜீப் ராங்ளர் ரூபிகானில் இந்தக் குறைப்பு 4:1, ஜிம்னியில் ஏறக்குறைய 2:1. பாறையில் அங்குலம் அங்குலமாக ஊர்கிறவருக்கு முதலாவது. மண் பாதைக்கு இரண்டாவதே தாராளம்.

இனி பாயில் படுங்கள். சேஸியின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) பின்பகுதி, ஸ்பிரிங் பிடிக்கும் இடங்கள், குறுக்குச் சட்டம் என்று சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் இரும்பு. 'டொப்' என்றால் துரு. புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். சேஸிக்குள்ளேயும் டார்ச் அடியுங்கள், காய்ந்த சேறு ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்தே அரிக்கும். டிஃபரன்ஷியல் அடியில் சிராய்ப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், வளைந்த சஸ்பென்ஷன் கம்பி இருந்தால் பயப்படுங்கள். ஆக்ஸில் முனை ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா, சீல்களில் ஆயில் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, விரலால் ஆயிலைத் தொட்டு நிறம் பாருங்கள். நான் கற்றுக்கொண்ட பாடம் அந்த விரல் நுனியில்தான் இருக்கிறது.

உள்ளே, கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். மேல் பகுதி சுத்தமாக, அடி நுனியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி மூழ்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நாலு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடு டிஃபரன்ஷியலோ முன்னையும் பின்னையும் இணைக்கும் கப்ளிங்கோ ஓய்வில்லாமல் உழைத்துத் தேய்ந்திருக்கும்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓட்டும்போது பாட்டை நிறுத்துங்கள். முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது அடியில் 'டக்' என்று அடித்தால் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் பிரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். பிறகு கட்டாயம் ஒரு மண் தரைக்குப் போய் ஃபோர் ஹை (நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில்), ஃபோர் லோ இரண்டையும் போட்டுப் பாருங்கள். டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் போதாது. முன் சக்கரமும் நிஜமாக இழுக்கிறதா என்று ஒருவரை வெளியே நிற்க வைத்துப் பாருங்கள்.

உயரம் தூக்கியிருந்தால், டயர் அளவு மாற்றியிருந்தால், அது பதிவிலும் இன்ஷூரன்ஸிலும் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். சேஸி எண்ணை நீங்களே ஒப்பிடுங்கள்.

இப்போது நான் ஓட்டுவது மங்கிய சாம்பல் நிற வண்டி, ஒரு விளக்குகூடக் கூடுதலாக இல்லை. முந்தைய சொந்தக்காரர் அதை மண்ணில் இறக்கியதே இல்லை என்றார். அடியில் படுத்தபோது அது உண்மை என்று தெரிந்தது. ஆனால் வருஷக்கணக்கில் தொடாததால் ஃபோர் வீலுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் லீவர் இறுகிப்போய், ஃபோர் லோ விழவே இல்லை. இணைப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க ஒரு முழு நாள் ஆனது. சேற்றில் ஓடாத வண்டி கிடைத்தாலும் லீவரை ஆட்டிப் பாருங்கள். இறுகியிருந்தால் அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கிய பிறகு மாதம் ஒரு முறை மண் தரையில் ஃபோர் வீலில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.