அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய இரவு: மார்ச் பாஸ்கெட்பாலுக்குத் தயாராவது எப்படி

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. வருடத்தில் மார்ச் மாதம் மட்டும்தான் திறப்பேன். பர்டூ பல்கலைக்கழக பாஸ்கெட்பால் அணி, அமெரிக்கக் கல்லூரி அணிகள் மோதும் என்சிஏஏ போட்டியில் அடுத்து யாரோடு ஆடப்போகிறது என்று தெரிந்ததும், ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஒரு பக்கம் எழுதுவேன். மேலே எப்போதும் ஒரே தலைப்பு: "எப்படித் தோற்போம்?"

அபசகுனம் என்று அம்மா திருப்பூரிலிருந்து போனில் திட்டுவார். ஆனால் எனக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே பர்டூதான். 2017 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க பர்டூ இருக்கும் வெஸ்ட் லஃபாயெட் ஊருக்கு வந்தேன். அந்தக் குளிர்காலத்தில் அறைத்தோழி என்னை பர்டூ ஆடும் மேக்கி அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பதினாலாயிரம் பேருக்கு மேல் உட்காரும் வட்ட அரங்கம். மாணவர்கள் பக்கத்தில் நின்றால் காலடியில் சிமென்ட் அதிர்வது தெரியும். அன்றிலிருந்து அவர்கள் எனக்கு நம்ம பசங்க.

அப்புறம் வந்த மார்ச்சுகளைப் பாருங்கள். 2021-ல் 13-ஆம் சீட் நார்த் டெக்ஸஸிடம் தோல்வி. 2022-ல் 15-ஆம் சீட் செயின்ட் பீட்டர்ஸ். 2023-ல் 16-ஆம் சீட் ஃபேர்லி டிக்கின்சன். மொத்தம் 68 அணிகள், ஒரு ஆட்டம் தோற்றால் வீடு. நான்கு பிரிவுகளிலும் பலத்தை வைத்து 1 முதல் 16 வரை எண் கொடுப்பார்கள், அதுதான் சீட்; 1 தான் பலமான அணி. 1985-லிருந்து 2025 வரை முதல் சுற்றில் 1-ஆம் சீட்டும் 16-ஆம் சீட்டும் 160 முறை மோதியிருக்கின்றன. 16 ஜெயித்தது இரண்டே முறை. அதில் ஒன்று எங்களை.

எனவே முதல் வேலை, சீட் எண்ணை மறந்துவிடுங்கள். பருவம் முழுக்க ஆடிய ஆட்டத்துக்கான மதிப்பெண் அது. நாளைக்கு எதிரில் நிற்கப்போகும் ஐந்து பேரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடுத்தது முக்கியம், இதற்குத்தான் பாதி இரவைச் செலவிட வேண்டும். எதிரணி எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறது? எந்தப் பயிற்சியாளராலும் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. ஒன்றை அடைத்தால் இன்னொன்றைத் திறந்துதான் வைக்க வேண்டும்.

இதை நான் இரண்டு தோல்விகளில் கற்றேன். 2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் எட்டுப் பேர், மடியில் ரசம் சாதத் தட்டு. எங்களிடம் ஏழடி நான்கு அங்குல ஸாக் ஈடி, அந்த ஆண்டு நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். எதிரில் ஃபேர்லி டிக்கின்சன், நாட்டின் முதல் தரப் பிரிவிலேயே குள்ளமான அணி. அவர்கள் ஈடிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நின்று பந்தே போகவிடாமல் அடைத்தார்கள். கூடையிலிருந்து தள்ளி வெளியே நின்றவர்களை விட்டுவிட்டார்கள். சரி, வெளியிலிருந்து போட வேண்டியதுதானே? மூன்று புள்ளி வீச்சு 26 முறை எறிந்தோம், ஐந்து விழுந்தது. கல்லூரி அணிகள் சராசரியாக நூற்றுக்கு 34 அளவில் போடும். அந்தக் கணக்குக்கு ஒன்பது விழுந்திருக்க வேண்டும். குறைந்த நான்கு வீச்சுக்குப் பன்னிரண்டு புள்ளி. நாங்கள் தோற்றது 63-58, ஐந்தே புள்ளி. கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது அவர்களின் ஷான் மூர் ஒரு மூன்று புள்ளி போட்டு 61-56 ஆக்கினார். தட்டில் ரசம் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே ஈடியோடு இறுதி ஆட்டம் வரை போனோம். பர்டூ 1969-க்குப் பிறகு அங்கே போனது அப்போதுதான். எதிரணி கனெக்டிகட். அவர்கள் நேர்மாறாக யோசித்தார்கள். ஈடியோடு பெரும்பாலும் ஒரே ஆளை விட்டார்கள், மற்றவர்கள் வெளியே நின்ற எங்கள் ஆட்களை விட்டு நகரவே இல்லை. ஈடி 37 புள்ளி எடுத்தார். மூன்று புள்ளி வீச்சு மொத்தமே ஏழு, விழுந்தது ஒன்று. 75-60. ஒரு அணி வெளியைத் திறந்து வைத்து ஜெயித்தது, இன்னொன்று உள்ளே திறந்து வைத்து ஜெயித்தது. அதனால்தான் அந்தக் கேள்வியை விடாதீர்கள் என்கிறேன்.

பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது? எதிரணி கடைசியாகத் தோற்ற ஆட்டத்தைத் தேடிப் பிடித்து இரண்டாம் பாதியில் இருபது நிமிடம் பாருங்கள். ஜெயித்த ஆட்டம் வேண்டாம், அதில் எல்லோரும் அழகாகத்தான் தெரிவார்கள். பந்து போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓடவிடாமல், உயரமான ஆளுக்குப் பந்து போனதும் இரண்டாவது தடுப்பாளர் ஓடி வருகிறாரா, எந்த மூலையிலிருந்து வருகிறார் என்று மட்டும் கவனியுங்கள். பத்து முறை பார்த்தால் போதும், பழக்கம் புரிந்துவிடும்.

அப்புறம் எண்கள். நிறைய வேண்டாம். கல்லூரி பாஸ்கெட்பால் புள்ளிவிவரங்களுக்காக கென் பொமராய் நடத்தும் தளத்தின் முதல் பக்கத்தில், நூறு முறை பந்து கையில் வந்தால் ஒரு அணி எத்தனை புள்ளி எடுக்கும், எத்தனை கொடுக்கும் என்ற கணக்கு இருக்கும். எதிராடிய அணிகளின் பலத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. பக்கத்திலேயே வேகமும் இருக்கும். மெதுவாக ஆடும் அணியிடம் கவனம்: பந்து கைமாறும் தடவை குறைந்தால் வலுவான அணிக்குத் தன் பலத்தைக் காட்ட வாய்ப்பும் குறையும். சின்ன அணிகள் ஆட்டத்தை இழுத்து ஆடுவது இதற்காகத்தான்.

பந்தைத் தொலைப்பதை நீங்களே எண்ணலாம். எதிரணியின் கடைசி ஐந்து ஆட்டங்களின் ஸ்கோர் அட்டையை எடுத்து, அவர்களோடு ஆடியவர்கள் எத்தனை முறை பந்தைத் தொலைத்தார்கள் (டர்ன்ஓவர்) என்று கூட்டுங்கள். ஆட்டத்துக்குப் பன்னிரண்டு என்றால் சாதாரணம். பதினைந்தைத் தாண்டினால் பக்கத்தில் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். ஃபேர்லி டிக்கின்சனோடு நாங்கள் தொலைத்தது 16. அன்று பந்தைக் கொண்டுவந்த எங்கள் பசங்கள் இருவர் முதலாண்டு மாணவர்கள்.

அட்டவணையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வியாழன் ஆடினால் அடுத்தது சனி, வெள்ளி ஆடினால் ஞாயிறு. நடுவில் ஒரே நாள். முதல் ஆட்டத்துக்குப் பயிற்சியாளருக்கு மூன்று நான்கு நாள் கிடைக்கும், இரண்டாவதற்கு ஒரு நாள்தான். மைதானம் முழுக்கத் துரத்தும் அணியோ, யாரும் ஆடாத மாதிரி தடுப்பு வைத்திருக்கும் அணியோ அந்த இரண்டாவது ஆட்டத்தில் வந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பக்கத்தின் கீழே மூன்று வரி மட்டும் நம்பிக்கைக்கு விடுங்கள். "ஜெயிப்போம்" என்று எழுதாதீர்கள், எதனால் என்று எழுதுங்கள். யார், எந்த இடத்தில், என்ன செய்தால். மேலே எழுதிய பயம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல நம்மிடம் ஆள் இருக்கிறாரா என்று பெயர் போட்டுப் பாருங்கள். பெயர் கிடைக்காத பயம்தான் நிஜமான பயம்.

ஆட்டத்தின்போது நோட்டைப் பக்கத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடம் மிச்சமிருக்கும் வாக்கில் விளம்பர இடைவேளை வரும். போனைப் பார்க்காமல் பக்கத்தைப் பாருங்கள். முதல் இடைவேளைக்குள் எதிரணி எதைத் திறந்து வைக்கிறது என்று தெரிந்துவிடும். நமது உயரமான ஆள் முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கினால் அதையும் குறியுங்கள். ஐந்து வாங்கினால் வெளியே போக வேண்டும், அதனால் இரண்டிலேயே உட்கார வைத்துவிடுவார்கள்.

இன்னொரு வரி 2025-ல் சேர்ந்தது. மார்ச் 28 இரவு, இண்டியானாபொலிஸ், லூகாஸ் ஆயில் அரங்கத்தின் மேல் அடுக்கில் இருந்தேன். ஹூஸ்டனோடு 60-60. மூன்று விநாடிகூட மிச்சமில்லை, பந்தை உள்ளே எறிய வேண்டியது அவர்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் உள்ளே ஓடுபவர்களைப் பார்த்தார்கள், நானும்தான். ஹூஸ்டனின் மிலோஸ் உசான் பந்தைத் தன் அணியின் ஜோசப் டக்ளரிடம் எறிந்துவிட்டு உள்ளே வந்தார், பந்து திரும்ப அவர் கைக்கே வந்தது. கூடைக்கு அடியிலிருந்து போட்டார். 0.9 விநாடி மிச்சம், 62-60. அன்று இரவு வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நோட்டைத் திறந்து எழுதினேன்: "எறிபவரை விடாதே." இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தின் முதல் வரி அதுதான்.