கொட்டான் முடைபவர்களோடு சேர்ந்து வடிவமைக்கும் ஆய்வு: புதியவர்களுக்கான செய்முறை

1970-களின் தொடக்கத்தில் நார்வேயில் கணினி அறிவியலாளர் கிறிஸ்டன் நைகார்ட், இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, தொழிற்சாலைக்கு வரவிருந்த கணினிகளைப் பற்றித் தொழிலாளர்களே முடிவு சொல்ல வழிசெய்தார். ஒரு பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்களோடு சேர்ந்தே அதை வடிவமைக்கும் முறைக்குப் பங்கேற்பு வடிவமைப்பு என்று பெயர். அதன் வேர்களில் அது ஒன்று. அங்கே பின்பலமாகச் சங்கம் இருந்தது. காரைக்குடிப் பக்கம் வீட்டிலிருந்தபடி கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடையும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கீழே உள்ள படிகள்.

எடுத்துக்காட்டாக, கல்யாணச் சீசனில் வரும் ஆர்டர்களைக் குழப்பமில்லாமல் குறித்துவைக்க ஓர் ஆர்டர் அட்டை செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எது அவர்கள் கையில்? அட்டையின் வடிவம், அதில் இருக்கவேண்டிய விவரங்கள், அட்டையே வேண்டுமா என்பது: இவற்றில் எதை அவர்கள் மாற்றலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது அவர்கள் கையில் இல்லையென்றால் இது பங்கேற்பு ஆய்வு அல்ல, கருத்துக்கேட்பு. அப்படியானால் அந்தப் பெயரிலேயே செய்யுங்கள்.

படி 2: ஆளும் இடமும். ஓர் அமர்வுக்கு ஆறு முதல் எட்டுப் பேர். சுயஉதவிக் குழுத் தலைவியிடம் மட்டும் சொல்லியனுப்பினால் அவருக்கு வேண்டியவர்களே வருவார்கள். “யாரெல்லாம் வரல?” என்று வந்தவர்களிடமே கேட்டு, விடுபட்ட வீடுகளுக்கு நீங்களே போங்கள். பெரிய வீட்டு முகப்பிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டம் வேண்டாம். தலித் மக்கள் குடியிருக்கும் காலனியிலிருந்து வருபவர்கள் அங்கே வரத் தயங்குவார்கள், வந்தாலும் வாசலோடு நின்றுவிடுவார்கள். காலனியிலேயே ஒரு மரத்தடியில் பாய் விரியுங்கள், மற்றவர்கள் அங்கே வரட்டும். வரமாட்டேன் என்பவர்களுக்குத் தனி அமர்வு வைக்கலாம், ஆனால் அந்தத் தகவலும் ஆய்வுக் குறிப்பில் ஏறவேண்டும். அரசின் ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் நாட்களில் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகே கூட்டம்.

படி 3: கூலியும் சம்மதமும். இரண்டு மணி நேரமே ஆனாலும் ஒரு நாள் கூலி கொடுங்கள். அன்றைக்கே, அவரவர் கையில். தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் கடன் பத்திரமோ என்ற பயம் வரும். வாய்மொழிச் சம்மதம் போதும். அதைப் பதிவுசெய்யலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். பாதியில் எழுந்து போனாலும் கூலி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: புளியங்கொட்டை. சிக்கல்களை அவர்களே அட்டைகளில் கலர் பென்சிலால் படமாக வரையட்டும்: தேதி மறப்பது, சாயம் மாறுவது, முன்பணம் வராதது. ஆளுக்குப் பத்துக் கொட்டை. எந்தச் சிக்கல் பெரிதோ அதற்கு அதிகம். திறந்தவெளியில் போட்டால் முதலில் போட்டவரைப் பார்த்தே மற்றவர்களும் போடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் மூடிபோட்ட ஒரு கொட்டானை வைத்து, ஒவ்வொருவராகப் போய்ப் போடச் சொல்லுங்கள். பேனாவை வெளியே எடுக்கவே வேண்டாம். பேனா வந்தால் எழுதத் தெரிந்தவரே கூட்டத்தை நடத்துவார்.

எண்ணியதும் நிறுத்திவிடாதீர்கள். ஒன்றிரண்டு கொட்டைதான் விழுந்த படத்தைக் காட்டி, “இது யாரைப் பாதிக்கும்?” என்று கேளுங்கள். முன்பணச் சிக்கல் தனியாக வாழும் ஒரே ஒருவருக்குத்தான் என்றால், எண்ணிக்கை அதை மறைத்துவிடும்.

படி 5: அசிங்கமான மாதிரி. புடவைப் பெட்டி அட்டை, கத்தரி, கலர் பென்சில், சோற்றுப் பசை. நேர்த்தியாக அச்சடித்துக் கொண்டுபோனால் “நல்லாருக்குங்க” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். முடிந்த பொருளைக் குறைசொல்ல யாருக்கும் கூசும். கிழிக்கலாம் என்று தோன்றவேண்டும். இரண்டு மூன்று மாதிரிகளைக் கொடுத்து, “இதுல எது உதவாது?” என்று கேளுங்கள். அளவைக் கொட்டானின் படத்தாலும், சாயத்தை அந்தச் சாயத்தில் தோய்த்த ஓலைத் துண்டாலும் காட்டலாமா என்பது போன்ற யோசனைகள் அப்போதுதான் வெளிவரும்.

படி 6: நிஜ ஆர்டரில் சோதனை. ஒரு முழு ஆர்டர் தொடங்கி முடியும்வரை அட்டை அவர்களிடமே இருக்கட்டும். ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள், குற்றம் சொல்வதுபோல் அல்ல. பிறகு கிடைத்ததையெல்லாம் அதே மரத்தடியில் வாசித்துக்காட்டி, தவறானதை அடிக்கச் சொல்லுங்கள். யார் பெயர் வரவேண்டும், யார் பெயர் வரக்கூடாது என்பதும் அங்கேயே முடிவாகட்டும். அட்டையை வடிவாக வெட்டும் அச்சும் மூலப் படமும் அவர்கள் கைக்கே போகவேண்டும், அட்டை தீர்ந்தால் எந்த அச்சகத்தில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற விவரத்தோடு.