58-லேயே வாங்குவதா, 60 வரை தள்ளுவதா: பி.எஃப். பென்ஷனில் நாங்கள் எடுத்த முடிவு

58 வயதில் முழு பென்ஷன். 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4% கூடும். 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியே எடுத்தால், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4% வெட்டு.

எங்கள் கணக்கு இது: சராசரிச் சம்பளம் 15,000 ரூபாய், 20 ஆண்டு தாண்டியதற்கான 2 ஆண்டு போனஸையும் சேர்த்து சர்வீஸ் 30 ஆண்டு. சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாத பென்ஷன்: 15,000 × 30 ÷ 70 = 6,429 ரூபாய். இரண்டு ஆண்டு தள்ளினால் சுமார் 1,54,000 ரூபாய் கைவிட்டுப் போகும். அதற்கு ஈடாக மாதம் கூடுவது ஏறக்குறைய 520 ரூபாய்தான். விட்டதைப் பிடிக்கவே வயது 84-ஐத் தாண்டிவிடும். விலைவாசியோடு இந்த பென்ஷன் ஏறுவதும் இல்லை. வேலையில் தொடர்ந்தாலும் 58-லேயே வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கணவர் இறந்தால் மனைவிக்குப் பாதிதான் வரும். அந்தப் பள்ளத்தை நிரப்ப, 60 ஆனதும் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கை இருவர் பெயரிலும் தனித்தனியாகத் தொடங்குங்கள். ஆளுக்கு 30 லட்சம் வரை போடலாம்.

பென்ஷன் கேட்டு விண்ணப்பிக்கும் 10டி படிவம் திரும்பி வருவது பெரும்பாலும் பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகாததாலும், பழைய கம்பெனி வேலை விட்ட தேதியைப் பதியாததாலும்தான். ராயப்பேட்டையோ அம்பத்தூரோ, பி.எஃப். அலுவலகம் போகுமுன் இவ்விரண்டையும் சரிசெய்துவிடுங்கள். தம்பதி சேர்ந்து எடுத்த போட்டோவும் வேண்டும்.