நாலாவது அத்தியாயம்: புள்ளியியல் பயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் விடுமுறை வந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் டியூஷன் அறைக்கு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வு) பிள்ளைகளோடு இன்னொரு கூட்டமும் வந்து சேரும். சமூகவியல், உளவியல், சமூகப் பணி என்று படிக்கும் இளங்கலை மாணவர்கள். லேப்டாப்பைத் திறந்துவைத்து, "சார், நாலாவது அத்தியாயம்..." என்று இழுப்பார்கள். இறுதியாண்டு ஆய்வேட்டில் எண்கள் வரும் அத்தியாயம் அதுதான். எங்கள் செட்டு அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளை இவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வகுப்புக்கு மட்டம் போடாதே, கடைசி நாளில் படிக்காதே என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எனக்குக் கணக்கு வராது" என்று ஒதுங்குவது

இந்தப் பயம் உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல. இதை அளப்பதற்கென்றே குரூஸ், கேஷ், போல்டன் என்ற மூவர் 1985ல் ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் பயம் ஆறு கூறாகப் பிரிகிறது. இதனால் என்ன பயன் என்ற அலுப்பு, முடிவுக்குப் பொருள் சொல்வதில் பதற்றம், வகுப்பும் பரீட்சையும் தரும் பயம், கணக்கில் தன்மேல் நம்பிக்கையின்மை, உதவி கேட்கக் கூச்சம், ஆசிரியரைக் கண்டால் நடுக்கம். கணக்கு இந்த ஆறில் ஒன்றுதான். பெருக்கல், வர்க்கமூலம் எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு எது பயம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

தரவைச் சேர்த்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது

என் வயிற்றெரிச்சல் முழுவதும் இதில்தான். பயந்தவர் முதலில் செய்வது தள்ளிப்போடுவது. புள்ளியியல் நாலாவது அத்தியாயத்துக்குத்தானே, இப்போது எதற்கு என்று நூலகத்தில் ஒரு பழைய ஆய்வேட்டை எடுத்து, அதில் பத்துக் கேள்வி, இன்னொன்றில் பத்துக் கேள்வி என்று ஒட்டுப்போட்டுக் கேள்வித்தாளைத் தயார் செய்துவிடுகிறார்கள்.

ஒரு மாணவி வந்தாள். நல்ல தலைப்பு. தோட்டத்து லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறிய குடும்பங்களில், வருமானம் கூடக் கூடப் பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றிய எதிர்பார்ப்பும் கூடுகிறதா என்பது. பெரியவர்களுக்கு கூகிள் பாரம் ஒத்துவராது என்று தாளில் அச்சடித்து, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வருமானக் கேள்வியைப் பார்த்தேன். மூன்றே கட்டம்: பி40, எம்40, டி20. நாட்டில் உள்ள எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தி, கீழே 40 விழுக்காடு, நடுவில் 40, மேலே 20 என்று பிரிப்பது அது. நம் ஊர் மாதிரியான தோட்டப்புறத்தில் அதைக் கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் முதல் கட்டத்தில்தான் கோடு போடுவார்கள். போட்டும் இருந்தார்கள். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் ஓடும் வீடும், அப்பா, அம்மா, மூத்த மகன் மூவரும் சம்பாதிக்கும் வீடும் ஒரே கட்டத்துக்குள். வருமானம் கூடினால் என்ன ஆகும் என்று கேட்கிற ஆய்வில் வருமானம் அசையவே இல்லை. "எஸ்.பி.எஸ்.எஸ்.ல எந்தப் பட்டனை அழுத்தணும் சார்?" என்று புள்ளியியல் மென்பொருளைத் திறந்து கேட்டாள். அழுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ரிங்கிட்டில் கேட்டு வாங்கிய எண்ணை எப்போது வேண்டுமானாலும் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். கட்டத்திலிருந்து ரிங்கிட்டைத் திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. ரிங்கிட்டில் கேட்டாலும் எந்த மாத வருமானம் என்று யோசிக்க வேண்டும். பால்மரம் (ரப்பர்) சீவுபவரின் வருமானம் மழையில் குறையும், மரம் இலை உதிர்க்கும் மாதங்களிலும் குறையும். அப்போது போய் "போன மாதம் எவ்வளவு?" என்று கேட்டால் அந்த ஆண்டின் நிலவரம் கிடைக்காது. இது உங்கள் தாத்தாவுக்குத் தெரியும், விரிவுரையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

1938ல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசிய புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், ஆய்வு முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான், ஆய்வு எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்வார் என்றார். அந்த மாணவிக்கு நான் செய்ததும் அதுதான். மறுபடி அதே வீடுகளுக்குப் போனால், "போன மாசந்தானே எழுதிக் கொடுத்தோம், இன்னும் என்னம்மா?" என்கிறார்கள். செமஸ்டர் நீண்டால் கட்டணம் நீளும், பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும் கூடவே நிற்கும்.

செய்ய வேண்டியது ஒரு சாயங்கால வேலை. நாலாவது அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை எண் இல்லாமல் காலியாக வரையுங்கள். ஒவ்வோர் ஆய்வுக் கேள்விக்கும் பக்கத்தில், கேள்வித்தாளின் எந்தெந்த எண் கேள்விகள் பதில் தரும் என்று எழுதுங்கள். எதுவும் எழுத வரவில்லை என்றால் கேள்வித்தாளில் ஓட்டை. பிறகு பத்துத் தாள்களை நீங்களே இஷ்டத்துக்கு நிரப்பி, இலவசமாகக் கிடைக்கும் ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, செய்யப்போகும் சோதனையை ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லையா, தாளைத் திருத்துங்கள். சோதனைக்குப் போட்ட அந்தக் கோப்பை மறக்காமல் அழித்துவிடுங்கள். அது உண்மைத் தரவோடு கலந்தால் வேறு வழக்கு ஆகிவிடும். இவ்வளவும் முடிந்த பிறகு அச்சுக்கடைக்குப் போங்கள்.

384 பேர் கிடைத்தால் போதும் என்பது

எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970ல் வெளியிட்ட அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள். ஆயிரம் பேர் உள்ள இடத்தில் 278, பத்து லட்சம் என்றால் 384. சரி. அந்தக் கணக்கு, எல்லாருக்கும் சம வாய்ப்புத் தரும் குலுக்கல் முறைத் தேர்வை நம்பி நிற்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி, சித்தி பிள்ளைகளையும் ரூம்மேட்டையும் நிரப்பச் சொல்லி 384ஐத் தொட்டால், அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

பி மதிப்பு 0.06 வந்தால் அழுவது

தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், உங்கள் தரவில் தெரியும் அளவுக்கோ அதற்கு மேலோ தொடர்பு தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி மதிப்பு சொல்கிறது. அது 0.05க்குக் கீழே வந்தால்தான் தொடர்பு உண்டு என்று கொள்ளும் கோட்டை 1925ல் பரப்பியவரும் அதே ஃபிஷர்தான், வசதிக்காக. அந்தக் கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016ல் அறிக்கை விட்டது. தொடர்பு எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 0.06ஐ 0.05 ஆக்குவதற்காக நாலு பேரின் தாளைக் கழற்றாதீர்கள்.

குரோன்பாக் ஆல்ஃபா 0.7 வந்ததும் கைதட்டுவது

ஒரு விஷயத்தை அளக்கும் கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண் ஆல்ஃபா. ஒரே தப்பான கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டாலும் அது ஏறும்.

காசு கொடுத்து நாலாவது அத்தியாயத்தை எழுத வைப்பது

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உட்காரப்போவது நீங்கள்.

கேட்காமல் இருப்பது

மேற்பார்வையாளரிடம் "ஒண்ணுமே புரியலை" என்று போனால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஆய்வுக் கேள்வி, கேள்வித்தாள், காலி அட்டவணை மூன்றையும் எடுத்துப்போய், சிக்கிய இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். அவர் கிடைக்கவில்லையென்றால் ஊருக்கு வந்திருக்கும் சீனியர் அக்காவையோ அண்ணனையோ பிடியுங்கள். என்னிடமும் வரலாம். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம், அன்று ஐந்தாம் படிவ வகுப்பு.