பழைய ரைஃபிளின் கட்டை ஒரிஜினலா? பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்குக் கனடாவிலிருந்து அக்கா மகன் வாட்ஸப்பில் நான்கு போட்டோ அனுப்பினான். வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட் ரைஃபிள். விலை பேசிக்கொண்டிருக்கிறானாம். கீழே ஒரே வரி: "மாமா, கட்டை ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க."

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் மேஜை, நாற்காலி ரிப்பேர் செய்கிறவன். இந்த ரைஃபிளின் தோட்டா அளவான .303 இங்கே தடைசெய்யப்பட்ட ரகம், நம்மால் வாங்கி வைக்க முடியாது. ஆனால் பள்ளியில் என்.சி.சி.யில் டிரில் துப்பாக்கி தூக்கியிருக்கிறேன், கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சர். துப்பாக்கிக் கட்டையும் மரம்தானே. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பையனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தேன்.

அவன் அனுப்பிய முதல் போட்டோவில், பின்கட்டை, அதாவது தோளில் வைக்கும் மரம், சொருகும் இரும்பின் வலது பக்கம் கிரீடம், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ., 1942 என்று இருந்தது. "1942 மாமா, அப்போ கட்டையும் 1942தானே?" முதல் தவறே இதுதான். அது இரும்பின் வயது. மரம் உடையும், நீர் குடிக்கும், பூச்சி அரிக்கும். ராணுவத்தில் கட்டையை மாற்றுவது நமக்குச் செருப்பு வார் மாற்றுவது போல. அதனால் "தொழிற்சாலையை விட்டு வந்த அதே கட்டையா?" என்று கேட்பதைவிட "மாற்றியது ராணுவமா, விற்கிறவனா?" என்று கேட்பது மேல். ராணுவம் மாற்றியது அந்தத் துப்பாக்கியின் சரித்திரம். விற்கிறவன் மாற்றியது விலையில் குறைய வேண்டிய பணம்.

அடுத்தது பளபளப்பு. பார்த்தவுடன் கண்ணுக்கு அழகாக இருக்கும் கட்டையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். லீ என்ஃபீல்டின் வால்நட் கட்டைக்குப் போட்டது ஆளிவிதை எண்ணெய், தச்சர்கள் சொல்லும் லின்சீட் ஆயில். அது மங்கலாக, ஆழமாக நிற்கும். வார்னிஷ் மாதிரி மேலே கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்காது. ஆனால் இதையே எல்லா நாட்டுத் துப்பாக்கிக்கும் விதியாக வைத்துக்கொள்ளக் கூடாது. ரஷ்ய மோசின் நாகன்ட் கட்டை சிவந்து மினுங்கினால் அது பெரும்பாலும் போருக்குப் பிறகு சோவியத் ராணுவக் கிடங்கிலேயே பூசிய அரக்கு. நம் ஊர் அரக்கு பாலிஷ் போலவேதான். பின்கட்டையின் தோள் பக்க முனையை மூடும் பட் தகட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுப் பார்த்தால் அரக்கு பிசுபிசுக்கும், காய்ந்த லின்சீட் அசையாது.

பளபளப்பைவிட மோசம் உப்புத்தாள். ஒன்பதாவது படிக்கும்போது, பரேடுக்கு முன்னால் என் டிரில் துப்பாக்கியின் கட்டை அழுக்காக இருக்கிறதே என்று அப்பாவின் பெட்டியிலிருந்து உப்புத்தாள் எடுத்துப்போய்த் தேய்த்துவிட்டேன். அரை மணி நேரத்தில் கட்டை மொழுமொழுவென்று ஆனது. கூடவே அதில் குத்தியிருந்த எழுத்துகள் எல்லாம் போயின. அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பித்தளைத் தகடு ஓரத்துல விரல் வெச்சுப் பாருடா" என்றார். மறுநாள் பார்த்தேன். தகடு மரத்தைவிட மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நல்ல கட்டையில் மரம்தான் இரும்பைவிட மயிரிழை உயர்ந்திருக்கும், தேய்த்த கட்டையில் இரும்பு உயர்ந்திருக்கும். போட்டோவில் இது தெரியாது. கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

முத்திரைகளில் ஏமாறுவதும் உண்டு. அமெரிக்க எம்1 கேரண்ட் கட்டையின் இடது பக்கம் இருக்கும் பரிசோதகர் முத்திரையைப் போலியாகக் குத்துவதற்கென்றே அச்சு விற்கிறார்கள். முத்திரை மரத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் அறுபது வருஷத்துத் தேய்மானம், நடுவில் எழுத்து மட்டும் நேற்றுக் குத்தியது போல ஓரம் கூர்மையாக இருந்தால், அது நேற்றுக் குத்தியதுதான்.

நேர் எதிர்த் தவறு ஒன்று: நல்லதைக் கெட்டது என்று ஒதுக்குவது. ஒட்டுப்போட்ட கட்டையைப் பார்த்ததும் பலர் வேண்டாம் என்கிறார்கள். நரம்பு ஓட்டம் பார்த்து, குச்சி அடித்து, இணைப்பு தெரியாமல் பொருத்திய ஒட்டு படைத் தச்சரின் வேலை. எனக்கு அதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். இஷாப்பூர் துப்பாக்கியின் முன்கட்டையில், அதாவது குழலுக்கு அடியில் ஓடும் மரத்தில், தோட்டா அடைக்கும் மேகசினுக்குச் சற்று முன்னால், குறுக்காக ஒரு ஸ்க்ரூ ஓடும். யாரோ கத்துக்குட்டி துளை போட்டுவிட்டான் என்று நினைப்பார்கள். மரம் பிளக்காமல் இருக்க ராணுவமே போட்டது அது. ஜெர்மன் மவுசர் கட்டை அடுக்கடுக்காக ஒட்டிய பலகை போலத் தெரிந்தால் "பிளைவுட் மாற்றிவிட்டான்" என்று கத்த வேண்டாம். 1930களின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மானியர்கள் அப்படித்தான் செய்தார்கள். முதல் உலகப்போரின் நடுவில் பிரிட்டன் பின்கட்டையின் வலது பக்கத்து வட்டத் தகட்டை விட்டுவிட்டது, அதனால் 1918ஆம் ஆண்டு துப்பாக்கியில் அது இல்லையே என்று பேரம் பேசினால் விற்கிறவன் சிரிப்பான். பின்கட்டை மேலே எஸ், எல், பி என்று எழுத்து இருந்தால் அது கட்டையின் நீளம். சிறியது, பெரியது, எல்லாவற்றிலும் குட்டையான பேன்டம். சிப்பாயின் கை அளவுக்கு அரை அங்குல வித்தியாசத்தில் கொடுத்தது, அவ்வளவுதான்.

துப்பாக்கியின் வரிசை எண்ணைத் தேடுவதென்றால் முன்கட்டையின் அடியில், மூக்குப் பகுதிக்குப் பக்கத்தில் பாருங்கள். பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புது எண் குத்தியிருந்தால் பயப்பட வேண்டாம், படை தன் கணக்கைத் திருத்தியிருக்கிறது. எண் இருந்த இடமே வழவழப்பாக இருந்தால்தான் கவலை.

மரம் பொய் சொல்லாத இடம் உள்ளே. பட் தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றினால் குறுக்கு நரம்பு தெரியும். எண்ணெய் ஊறிக் கறுத்திருக்க வேண்டும், இரும்பு பட்ட இடம் நீலக் கறுப்பாக இருக்க வேண்டும். மரத்தின் துவர்ப்பும் துருவும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். காசிமேட்டுப் படகில் ஆணி அடித்த இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பக்கத்தில் அடைத்த பழைய ஸ்க்ரூ துளை இரண்டு தெரிந்தால், தகடோ கட்டையோ ஒன்று வேறு வீட்டிலிருந்து வந்தது.

ஆனால் அவசரத்தில் பின்கட்டையையே கழற்றிவிடாதீர்கள். இந்த ரக லீ என்ஃபீல்டில் பின்கட்டையைப் பிடிக்கும் நீள போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையை முதலில் எடுக்காமல் போல்ட்டைத் திருகினால் அந்த முனை சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். எண்பது வருஷம் போரையும் மழையையும் தாங்கிய மரம் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் போகும்.

இதையெல்லாம் சொன்னதும் பையன் விற்கிறவரிடம் முன்கட்டை அடியில் போட்டோ கேட்டான். நேற்று வந்தது. இரண்டு எண், மேலே உள்ளது கோடு போட்டு அடித்தது, கீழே உள்ளது இரும்பில் இருக்கும் அதே எண். "எடுத்துக்கோ" என்றேன். "சரி மாமா, வந்ததும் நல்லா தேய்ச்சு பாலிஷ் போட்டுடறேன்" என்றான். உடனே போன் போட்டேன்.