திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவுக்குப் போகிறீர்களா?

கேரள சலச்சித்ர அகாடமி 2008 முதல் நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா பெரும்பாலும் தம்பானூர் கைரளி, ஸ்ரீ, நிலா தியேட்டர்களில்தான். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். படம் பார்க்க உள்ளே விடும் அனுமதி அட்டையான டெலிகேட் பாஸுக்கு முன்பே ஆன்லைனில் பதிந்துவிடுங்கள்.

ஒரே நேரத்தில் மூன்று திரையிலும் படம் ஓடும். அட்டவணையில் பேனாவால் வட்டம் போடும்போது நீளமான ஆவணப்படங்களுக்கே முதலிடம் கொடுங்கள். குறும்படங்கள் பின்னால் யூடியூபில் கிடைக்கக்கூடும். ஆனால் நீளமான ஆவணப்படங்களில் பல மறுபடி கண்ணில் படுவதே இல்லை. அப்புறம், படம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். இயக்குநர் வந்திருந்தால் பேசுவார். எத்தனை வருடம் அந்த ஊரில் கேமராவோடு கிடந்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்கும்போது படம் இன்னும் நெருக்கமாகிவிடும். முன்னால் இருப்பவர் தலை சப்டைட்டிலை மறைக்காத இடம் வேண்டுமா, கால் மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள்.