தென்மேற்கு ஐரோப்பாவின் ஜியோமெட்ரிட் அந்துப்பூச்சிகள்: பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜியோமெட்ரிட் குடும்பத்து அந்துப்பூச்சியைக் கவனித்திராதவர்கூட அதன் புழுவைப் பார்த்திருப்பார். உடம்பின் நடுப்பகுதியில் கால் கிடையாது. வால்பக்கம் இரண்டு ஜோடிப் போலிக்கால்கள் மட்டும். அதனால் பின்பகுதியை முன்னால் இழுத்து, முதுகை வில்லாக வளைத்து, பிறகு நீண்டு, சாண் போட்டு அளப்பதுபோல நகரும். வளர்ந்த பூச்சி மெலிந்த உடலும் அகன்ற இறக்கையும் கொண்டது. சுவரிலோ இலையிலோ இறக்கைகளைத் தட்டையாக ஒட்டவைத்து உட்காரும்.

ஐரோப்பாவில் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 1000 இனங்கள் உண்டு. ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சின் தெற்கு என்று வரும்போது கதை சிக்கலாகிறது. தெற்கு ஸ்பெயினின் சியரா நெவாடா மலைத்தொடரில் 3479 மீட்டர் உயர முல்ஹாசென் சிகரம். அதிலிருந்து நூறு கிலோமீட்டர்கூடப் போகவேண்டாம், அல்மேரியாவின் தபெர்னாஸ் வறள்நிலம் வந்துவிடும். இந்த இடைவெளிக்குள் ஆல்ப்ஸ் பூச்சிகளின் உறவினங்களும் வட ஆப்பிரிக்கப் பூச்சிகளின் உறவினங்களும் வாழ்கின்றன. இங்கே நடக்கும் பதிவுப் பிழைகளைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் நிற்கும்: பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ கற்றுக்கொண்ட பழக்கத்தை அப்படியே தெற்கே கொண்டுவருவது.

வடக்கத்திக் கையேட்டை நம்பிப் பெயர் வைப்பது

பெரிபடோட்ஸ் ரோம்பாய்டேரியா லண்டன் தோட்டங்களிலும் சாதாரணமாக வரும் சாம்பல் நிறப் பூச்சி. அங்கே ஒரு பார்வையில் பெயர் சொல்லிவிடலாம். அதே உருவம் ஸ்பெயினின் தெற்கே அண்டலூசியாவில் விளக்கின் முன் கட்டிய துணியில் வந்து உட்கார்ந்தால் பெரிபடோட்ஸ் இலிகேரியாவையும் பெரிபடோட்ஸ் அம்ப்ரேரியாவையும் யோசித்தாக வேண்டும். குரோகாலிஸ் பேரினமும் இப்படித்தான். வடக்கே பெரும்பாலும் எலிங்குவேரியா ஒன்றே; ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் டஸ்கியேரியா, டார்டோயினேரியா, ஆபெர்டி ஆகியவையும் வரிசையில் நிற்கும். கையேட்டில் இல்லாத பூச்சியை நம் மனம் கையேட்டில் இருப்பதாக மாற்றிவிடுகிறது. இதை வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை, ஆனால் எல்லாரும் செய்கிறோம்.

கைபேசிச் செயலிகள் இந்தச் சிக்கலைப் பெரிதாக்கிவிட்டன. அவை கற்றுக்கொண்ட படங்களில் வட ஐரோப்பியப் படங்களே மிகுதி. ஆகவே முதல் பரிந்துரையாக வருவது வடக்கே மலிந்த இனம். அதை ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் யோசிக்காமல் ஆமோதிக்க, அந்தப் படமே அடுத்த முறை செயலிக்குப் பாடமாகிறது. செயலி பேரினத்தை ஊகிக்க உதவும். அதற்குமேல் போக, 2001 முதல் 2019 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஐரோப்பிய ஜியோமெட்ரிட் நூல்வரிசை போன்ற ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் வாழக்கூடிய எல்லா ஒத்த உருவங்களையும் கழித்துப் பார்க்க வேண்டும். விலை அதிகம்தான், நூலகத்தில் கிடைத்தால் நல்லது.

படத்தை வைத்து யூபிதீசியாவுக்குப் பெயர்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். யூபிதீசியா பேரினம் உலக அளவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்டது. இறக்கைகள் குறுகலானவை, சாம்பலும் பழுப்பும் கலந்தவை. நான்கு நாள் பறந்ததும் செதில் உதிர்ந்து எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். சென்டாரியேட்டா போல வெள்ளைப் பின்னணியும் கரும்புள்ளியும் கொண்ட சிலவற்றைப் படத்திலேயே சொல்லலாம். மற்றவற்றில் பாதிக்கு மேல் படம் மட்டும் போதாது.

ஆண் பூச்சியாக இருந்தால் வழி ஒன்று உண்டு, அதற்கு இரசாயனம் எதுவும் தேவையில்லை. காய்ந்த பூச்சியின் வயிற்றை அடிப்பக்கம் மேலே வரும்படி வைத்து, நுனி மெலிந்த தூரிகையால் கடைசிக் கண்டங்களின் (வயிற்று வளையங்களின்) செதில்களை மெதுவாகத் துடைத்து எடுக்க வேண்டும். எட்டாம் கண்டத்தின் அடித்தகடு பழுப்பு நிறத்தில் தெரியவரும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஓர் இனத்தில் அது கவட்டையாகப் பிரிந்திருக்கும், இன்னொன்றில் முக்கோணமாகக் கூம்பியிருக்கும். பல இனங்களைப் பிரிக்க இந்த வடிவமே போதும். பெண் பூச்சியானால் வயிற்றைக் கழற்றி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, உள்ளுறுப்பைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் ஏற்றவேண்டும். இங்கேயும் ஒரு கைப்பிழை சகஜம்: தகட்டில் எண்ணை எழுதிவிட்டு, ஊசியில் குத்திய பூச்சியின் கீழே அதே எண்ணை எழுத மறந்துவிடுவார்கள். பத்து வருடம் கழித்துத் தகடு ஒரு பக்கம், பூச்சி ஒரு பக்கம், இரண்டாலும் பயனில்லை.

இடேயா பேரினம் இதற்கு அண்ணன். மத்தியதரைப் பகுதியில் இது செழித்த பேரினம். இறக்கையை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் தேறாத, மணல் நிறப் பூச்சிகள். மேலிருந்து எடுத்த ஒரே படத்தோடு நிறுத்திவிடுவது தவறு. பல இனங்களில் ஆணின் பின்னங்கால் குறுகி மயிர்க்கற்றையோடு இருக்கும். அதைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். உணர்கொம்பு, இறக்கையின் அடிப்பக்கம், ஓரத்துக் குஞ்சத்தின் புள்ளிகள், பக்கத்தில் ஓர் அளவுகோல், இவையும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் தீராவிட்டால் ‘இடேயா இனம்’ என்று எழுதிவிட்டு மேலே போகலாம். என் கணக்கில் பட்டியலில் அப்படிச் சில வரிகள் இருப்பதே நல்ல அறிகுறி. யூபிதீசியா அத்தனைக்கும் இனப்பெயர் போட்டு வரும் பட்டியலை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

நிறமும் ஏமாற்றும். வலசை போகும் ரோடோமெட்ரா சாக்ரேரியா பொதுவாக மஞ்சள் நிறம், குறுக்கே இளஞ்சிவப்புக் கோடு. கூட்டுப்புழுவாக இருந்த நாட்களில் குளிர் இருந்தால் இறக்கை சிவந்து இருண்டுவிடும். ஆர்தொனாமா ஆப்ஸ்டிபாட்டாவில் ஆண் வெளிர்நிறம், பெண் செம்பழுப்பு. அறியாதவர் இரண்டு இனமாக எழுதிவிடுவார்.

ஜூலை, ஆகஸ்டில் மட்டும் விளக்குப்பொறி வைப்பது

வடக்கே கோடைதான் அந்துப்பூச்சிக்கு உச்சம். தெற்கின் தாழ்நிலங்களில் ஆகஸ்டில் புல்லெல்லாம் காய்ந்து பட்டுக் கிடக்கும், பூச்சியும் குறைவு. அங்கே இளவேனிலும் முதல் இலையுதிர்கால மழைக்குப் பிந்தைய வாரங்களுமே கைநிறையக் கொடுப்பவை. கம்ப்ஸாப்டெரா ஒபகேரியா இலையுதிர்காலத்தில் வரும். சிஸ்டஸ் புதரில் வளரும் செமெரினா கலிஜினியேரியா குளிர்காலத்துப் பூச்சி. டிசம்பரிலோ பிப்ரவரியிலோ வெளியே போகாதவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விடுமுறையில் வந்துபோகும் வட ஐரோப்பிய ஆர்வலர்களின் பதிவுகள் கோடையிலேயே குவிவதால், சில இனங்களின் பறக்கும் காலம்கூடக் கோணலாகப் பதிவாகிவிடுகிறது. மலையில் மட்டும் கணக்கு வேறு. ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லையிலுள்ள பிரனீஸ் மலை உயரங்களில் ஜூலையும் ஆகஸ்டுமே சரியான காலம்.

இரவுப் பூச்சி என்றே நினைத்துக்கொள்வதும் தவறு. யூரேந்திஸ் ப்ளம்மிஸ்டேரியா போன்றவை இளவேனில் வெயிலில் பறக்கும். அதற்கு விளக்கு உதவாது, வலைதான்.

பொறிக்குள் மட்டும் பார்ப்பது

ஜியோமெட்ரிட்கள், இன்னொரு அந்துப்பூச்சிக் குடும்பமான நாக்டுயிட்கள் மாதிரி முட்டி மோதிக்கொண்டு பொறிக்குள் விழுவதில்லை. ஒளிக்கு அருகே வந்ததும் புதரிலோ சுவரிலோ தரையிலோ உட்கார்ந்துவிடும் பழக்கம் பலவற்றுக்கு. ஆகவே பொறியைச் சுற்றிச் சில மீட்டர் தூரத்துக்கு டார்ச் அடித்துப் பார்க்காமல் எழுதிய பட்டியல் குறையுள்ளது. விடிந்தபின் சாவகாசமாகப் போனால் சுற்றி உட்கார்ந்திருந்ததைப் பறவை தின்றிருக்கும். மத்தியதரைக் கரையோர வீடுகளில் பறவைக்கும் முன்னால் சுவர்ப்பல்லி முடித்திருக்கும். வெயில் ஏறினால் பொறிக்குள் இருப்பவை வெந்துவிடும்.

விளக்கு ஊரையே இழுக்கும் என்ற நம்பிக்கையும் பிழை. 6 வாட் ஆக்டினிக் (புற ஊதா ஒளி கலந்த) விளக்கின் ஈர்ப்பு பெரும்பாலும் 30 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஓக் தோப்புக்கும் உப்புச் சேற்றுநிலத்துக்கும் நடுவே ஒரு பொறி வைத்துவிட்டு இரண்டின் பூச்சிகளும் வந்தன என்று எழுத முடியாது. எந்த விளக்கு, எத்தனை வாட், எத்தனை மணி நேரம், நிலவு எப்படி என்பதைக் குறிக்காவிட்டால் இந்த வருட எண்ணிக்கையைப் போன வருடத்தோடு ஒப்பிடவும் முடியாது. ஒன்றும் வராத இரவையும் எழுத வேண்டும்.

தேதி, நேரம், இடம்

நள்ளிரவு தாண்டி வந்த பூச்சிக்கு எந்தத் தேதி? 14–15 ஜூன் என்று இரண்டையும் எழுதிவிட்டால் சண்டையில்லை. நேரத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவும் வடக்குப் போர்ச்சுகலும் ஒரே தீர்க்கரேகைப் பகுதி. நடுவில் மின்யோ ஆறுதான் எல்லை. ஆனால் கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். கலீசியாவில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் சூரியன் மறைந்திருக்காது. அதனால் சூரியன் மறைந்து எத்தனை நிமிடம் என்று எழுதுவது மேல்.

இடக்குறிப்பில் பழைய தாள்களிலிருந்து எடுக்கும்போது கவனம் வேண்டும். ஸ்பெயினின் பழைய வரைபடங்களில் தீர்க்கரேகை மாட்ரிட்டிலிருந்து எண்ணப்பட்டது. கிரீன்விச்சாக எண்ணிக்கொண்டால் பூச்சி மூன்றரைப் பாகைக்கு மேல் கிழக்கே நகர்ந்து, சிலசமயம் கடலுக்குள் போய்விழும். பின்னாளைய யூடிஎம் எண்கள் (இடத்தை மீட்டர் கட்டங்களில் குறிக்கும் வரைபட எண்கள்) ஈடி50 என்ற பழைய ஐரோப்பிய நில அளவை முறையில் இருக்கும். இன்றைய ஈடிஆர்எஸ்89 முறையோடு குழப்பினால் சுமார் 200 மீட்டருக்கு மேல் பிசகும், செங்குத்தான மலைச்சரிவில் அது வேறு காடு. தீபகற்பம் 29, 30, 31 என மூன்று யூடிஎம் மண்டலங்களில் கிடப்பதால் மண்டல எண்ணை விட்டுவிட்டால் மற்ற எண்கள் இருந்தும் வீண். கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

வளர்ப்புப் பெட்டியில் தின்றதை உணவுச்செடி என்பது

முட்டையிலிருந்து வளர்த்த இடேயா புழு வாடிய சீமைக்காட்டு முள்ளங்கி (டான்டெலியன்) இலையைத் தின்றது என்றால், அது தின்னச் சம்மதித்தது என்று மட்டுமே பொருள். இந்தப் பேரினத்தில் பல புழுக்கள் வாடிய, உலர்ந்த இலையைத் தின்பவை. இடேயா இன்குவினாட்டா உலர்த்திய மூலிகைகளிலும் தாவரவியல் சேகரிப்புத் தாள்களிலும்கூட வளரும். காட்டில் எதன்மேல் கண்டோம், பெட்டியில் எதைக் கொடுத்தோம் என்று தனித்தனியே எழுதவேண்டும். பெயரை வைத்து ஊகிப்பதும் ஆபத்து: பாக்கிக்னீமியா ஹிப்போகாஸ்டனேரியா என்ற பெயர் குதிரைக் கஷ்கொட்டை மரத்தை நினைவூட்டும், புழுவோ ஹீத் புதர்களில் வாழ்வது.

மரபணுப் பட்டைக்குறி, அதாவது இனத்தை அடையாளம் காண வாசிக்கும் டிஎன்ஏ துண்டு, எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது புதிய தலைமுறையின் நம்பிக்கை. 658 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டு பெரிய உதவிதான். ஆனால் சில நெருங்கிய இனங்களில் அது ஒன்றாகவே இருக்கும்; ஒரே இனம் மலைத்தொடருக்கு மலைத்தொடர் பெரிதாக வேறுபடுவதும் உண்டு. பூச்சியைத் தூக்கியெறிந்துவிட்டு எழுத்துவரிசையை மட்டும் வைத்திருப்பவர் பிறகு திரும்பிப் பார்க்க எதுவுமில்லாமல் நிற்பார்.

அனுமதி விஷயம் சுருக்கம். ஸ்பெயினில் மாதிரி சேகரிக்கும் அனுமதியைத் தன்னாட்சிப் பகுதி அரசுகள் தருகின்றன. அரகோனில் வாங்கியது கட்டலோனியாவில் செல்லாது. போர்ச்சுகலுக்கும் பிரெஞ்சுத் தேசியப் பூங்காக்களுக்கும் தனித்தனியே கேட்கவேண்டும். கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும்போது ஜெனரேட்டரைக் கொண்டுபோகாதீர்கள், பவர்பேங்கில் ஓடும் எல்ஈடி விளக்குப் போதும். இரவில் மலையில் வெளிச்சம் தெரிந்தால் யாராவது தகவல் கொடுப்பார்கள், காவல் வண்டி வரும். முன்கூட்டியே உள்ளூர் வனக்காவலரிடம் இடத்தையும் தேதியையும் சொல்லி, அனுமதித்தாளின் நகலை வண்டியில் வைத்திருங்கள்.